காஞ்சிக்கு ஓர் ஆற்றுப்படை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

பாரிசு மாநகருக்குச் செல்வோர்க்கு வழிகாட்டி நூல்கள் நூறு உண்டு. ரோமாபுரியில் எந்த இடிபாட்டை எந்த வெயிலில் பார்க்க வேண்டும், இலண்டன் கோபுரத்திற்கு எந்தக் கரையிலிருந்து போக வேண்டும், பிராகு நகரத்துப் பழைய பாலத்தில் எந்த நேரத்தில் கூட்டம் இராது என்றெல்லாம் சொல்லித்தர அங்கே ஆள் இருக்கிறது. அச்சிட்ட படம் இருக்கிறது. ஐரோப்பியத் தலைநகர் ஒன்றைப் பற்றிய அத்தகைய நூலொன்றை நம் கல்லூரி நூலகத்தில் புரட்டிக்கொண்டிருந்தபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. இவையெல்லாம் வெள்ளைக்காரர் கண்டுபிடித்த சரக்கா? இல்லை, தோழர்களே! பரிசில் பெற்று வரும் பாணன் ஒருவன், பசியோடு எதிரே வரும் இன்னொரு பாணனை நிறுத்தி, "இன்ன வழியாகப் போ, இடையில் இன்னார் இருப்பார்கள், இன்ன சோறு தருவார்கள், கடைசியில் இன்ன ஊரை அடைவாய்" என்று சொல்லி அனுப்புவதற்கென்றே நம் முன்னோர் ஓர் இலக்கிய வகை படைத்து, அதற்கு ஆற்றுப்படை என்று பெயரும் வைத்தார்கள். பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகளே.

அவற்றுள் ஒன்று நமக்கு மிகவும் நெருக்கமானது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, ஐந்நூறு அடிகளில், பெரிய யாழ் ஏந்திய பாணனைக் காஞ்சிக்கு அனுப்பி வைக்கிறது. அங்கே ஆண்டவன் தொண்டைமான் இளந்திரையன். வழியில் எயினர் குடியில் என்ன கிடைக்கும், ஆயர் சேரியில் என்ன கிடைக்கும், உழவர் வீட்டில், வலைஞர் வீட்டில் என்ன கிடைக்கும் என்று புலவர் சோற்றுக் கணக்கே கொடுக்கிறார். பசித்தவனுக்குச் சொல்லும் வழி அல்லவா? இக்காலத்து வழிகாட்டி நூல்களும் உணவு விடுதிகளைத்தான் தடித்த எழுத்தில் அச்சிடுகின்றன.

இப்போது எங்கள் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். எங்கள் ஊர் ஒரகடத்திற்கு அருகே ஓர் ஏரிக்கரைக் கிராமம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனால்ட்–நிசான் தொழிற்சாலை திறந்தது. பிறகு லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கைபேசி என்று ஒவ்வொன்றாக வந்து, திருப்பெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வரைக்கும் சாலையின் இருபுறமும் மதிற்சுவர்களாகிவிட்டன. கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை எழுதிய உணவு விடுதிகள் எங்கள் கடைத்தெருவுக்கு அழகு சேர்க்கின்றன. உலகமே எங்கள் ஊருக்கு வந்து வேலை பார்க்கிறது. ஆனால் வந்தவர்கள், "இங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டால், நம்மவர்கள் தயங்காமல் "மகாபலிபுரம்" என்கிறார்கள்; அல்லது "மெரினா" என்கிறார்கள். பல்லவப் பேரரசின் துறைமுகத்தைக் காட்டுகிறோம். பேருந்தில் ஒன்றரை மணி நேரத்தில் இருக்கும் தலைநகரத்தை விட்டுவிடுகிறோம். காஞ்சி என்றால் பட்டுச்சேலை, கல்யாணம், கடன் என்பதோடு நம் நினைவு நின்றுவிடுகிறது.

எனக்கும் இந்த எண்ணம் தானாக வந்ததன்று. என் அக்கா பன்னிரண்டாம் வகுப்போடு நின்று, கைபேசித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறாள். அப்பா ஒரு தொழிற்சாலையின் வாயிலில் காவலாளி. எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்படி மிதிப்பதற்கான பேருந்துக் காசும் புத்தகக் காசும் அக்காவின் சம்பளத்திலிருந்து வருகின்றன. அக்கா தங்கியிருக்கும் பெண்கள் விடுதி அறையில் ஆறு பேர். அவர்களில் ஒருத்தி ஜார்க்கண்டு மாநிலத்துக் கும்லா மாவட்டத்துக்காரி. இன்னொருத்தி ஒடிசாவின் மயூர்பஞ்சு. கும்லாப் பெண்ணின் ஒப்பந்தக் காலம் முடிந்து ஊருக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்தது. வார விடுமுறைக்கு முந்தின இரவு அக்கா தொலைபேசியில் சொன்னாள்:

"பதினோரு மாசத்துல இவ பாத்த தமிழ்நாடு என்னா தெரியுமா? ஹாஸ்டலு, பஸ்ஸு, கம்பெனி. அவ்ளோதான். நீதான் காலேஜ் படிக்கிறியே, எங்கனா இட்டுனு போயேன்."

அந்தப் பெண்கள் பதினோரு மாதத்தில் கற்ற தமிழும் கொஞ்சந்தான்: சீக்கிரம், தண்ணி, போதும், அக்கா. ஆனால் அக்கா அவர்களிடமிருந்து இந்தி முழுவதையும் கற்றுக்கொண்டிருந்தாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஆகவே அந்தப் பயணத்தில் ஏடு படித்தவள் நான். வாய் திறந்தவள் அவள்.

வழியைச் சொல்கிறேன். ஒரகடம் கூட்டுச்சாலையில் வாலாஜாபாத் செல்லும் பேருந்தைப் பிடித்து, அங்கிருந்து காஞ்சிக்கு மாற வேண்டும். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அவசரமில்லாதவர்கள் அப்படிப்பட்ட பேருந்துகளாகவே பார்த்து மாறிமாறிப் போகலாம். ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தால் தென்னேரியைக் கவனியுங்கள். பார்க்க ஓர் ஏரிதான். ஆனால் திரையன் ஏரி என்பதே தென்னேரி என்று மருவியது என்பர் ஊர்ப்பெயர் ஆய்வாளர். பாணன் தேடிப் போன அதே இளந்திரையன் பெயர்தான்! தொழிற்சாலை மதில்கள் முடியும் இடத்தில் பெரும்பாணாற்றுப்படை தொடங்குகிறது என்று சொன்னால் அது வெறும் கற்பனை ஆகாது.

காஞ்சியில் முதலில் செய்யக்கூடாதது ஒன்றுண்டு. பேருந்து நிலையத்தில் இறங்கியதும் "சில்க் ஹவுஸா?" என்று கேட்கும் ஆட்டோவில் ஏறக்கூடாது. நேரே நகரின் மேற்குக் கோடிக்குப் போங்கள். கோயில்கள் நண்பகலில் நடை சாத்தினால் மாலை நான்கு மணி சுமாருக்குத்தான் திறக்கும். ஆகவே காலையில் காண வேண்டியது கயிலாசநாதர் கோயில்.

அதைக் கட்டியவன் இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன். காலம் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். அவன் மகன் மூன்றாம் மகேந்திரவர்மனுக்கும் அதில் பங்குண்டு. உயர்ந்த கோபுரத்தை எதிர்பார்த்து வருபவர் ஏமாறுவார். கோபுரம் என்று சொல்லத்தக்கது அங்கே இல்லை. புல்வெளி நடுவே, மஞ்சள் கலந்த மணற்கல்லில், ஒரு தேர் நின்று இறுகிப்போனது போல் இருக்கிறது. உள்ளே திருச்சுற்று மதிலை ஒட்டி ஐம்பத்தெட்டுச் சிறு சன்னதிகள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் உட்காரும் அளவு. சிலவற்றின் சுவரில் பல்லவர் கால ஓவியத்தின் எச்சம், ஒரு கண்ணும் ஒரு தோளும் ஒரு முத்துவடமுமாக மிஞ்சியிருக்கிறது. காவிச் சிவப்பு இன்னமும் கண்ணை இழுக்கிறது. வாயிலுக்கு முன் வரிசையாக நிற்கும் எட்டுச் சிறு கோயில்களில் ஒன்றை எடுப்பித்தவள் இராசசிம்மனின் அரசி ரங்கபதாகை என்று அவள் கல்வெட்டே கூறுகிறது.

வேதியியல் மாணவி என்ற முறையில் இங்கே ஒரு சொல். அடித்தளத்தில் கருங்கல், மேலே மணற்கல் என்று பல்லவச் சிற்பி வைத்தான். மணற்கல் உளிக்கு இளகும். அதனால்தான் சிங்கத்தின் பிடரி மயிரை இழை இழையாகச் செதுக்க முடிந்தது. ஆனால் அதே கல் நீரை உறிஞ்சும். நீரோடு போன உப்பு, வெயிலில் நீர் ஆவியானதும் கல்லின் நுண்துளைகளில் படிகமாகிப் பருத்து, மேற்பரப்பைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். சிங்கங்களின் முகம் தேய்ந்திருப்பது படையெடுத்தவன் செய்த வேலை என்று ஒருவர் அங்கே விளக்கிக்கொண்டிருந்தார். பெரும்பாலும் அது உப்பு செய்த வேலை. பிற்காலத்தார் பூசிய சுதை, பல சிற்பங்களின் முகத்தை மாற்றியிருக்கிறது என்பதும் உண்மை.

படையெடுப்பைப் பற்றி அங்கே இருக்கும் சான்று வேறு மாதிரியானது. சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் எட்டாம் நூற்றாண்டில் காஞ்சியைப் பிடித்தான். பிடித்தவன் கொள்ளையடிக்கவில்லை, இக்கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அந்தச் செய்தியைக் கன்னடத்தில் இங்குள்ள தூண் ஒன்றில் பொறித்தும் வைத்தான். அவன் அரசி லோகமகாதேவி, காஞ்சி வெற்றியின் நினைவாகப் பட்டதக்கல்லில் எடுப்பித்த விருபாட்சர் கோயிலில் கயிலாசநாதரின் சாயல் தெரிகிறது என்பர். பின்னாளில் சோழர் கல்வெட்டு இதனைக் கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி என்று குறிக்கிறது. வந்தவனும் வணங்கிப் போன கோயில்.

கருவறையைச் சுற்றி ஒரு குறுகிய வழி உண்டு. குனிந்து, தவழ்ந்து நுழைந்து, சுற்றி வந்து, மறுபடி தவழ்ந்து வெளியேற வேண்டும். அப்படிச் செய்தால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. மயூர்பஞ்சுப் பெண் தவழ்ந்து போய் வந்தாள். கும்லாப் பெண் மறுத்துவிட்டாள். அவள் கிறித்தவள், அதனால்தான் தயங்குகிறாள் என்று எண்ணினேன். அக்கா விசாரித்துச் சொன்னாள்: "அதெல்லாம் இல்லியாம். நாளெல்லாம் குனிஞ்சி முதுகு வலிக்குதாம்." நாங்கள் நால்வரும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டோம், குருக்கள் எட்டிப் பார்த்தார்.

கயிலாசநாதரிலிருந்து திரும்பும் வழியில் இருப்பது பிள்ளையார்பாளையம். அங்கே என் மாமா வீடு. அம்மாவின் அண்ணன் அவர். மாமாவும் அத்தையும் நெசவு. வெளியூர்க்காரர்களுக்குப் பட்டுச்சேலையைக் காட்டுபவர்கள் தறியைக் காட்ட மறந்துவிடுகிறார்கள். நான் தறியைத்தான் காட்டச் சொல்வேன்.

கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரு நிறமும் ஒன்றோடொன்று கலந்து கசியக்கூடாது. அதற்காக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைகளுக்கும் ஒவ்வொன்று. ஒவ்வோர் ஊடையிலும் கரை நூலும் உடல் நூலும் கைகோத்துத் திரும்ப வேண்டும். ஒருவரால் இதைச் செய்ய இயலாது; குழிக்குள் கால் வைத்து உட்கார்ந்த நெசவாளிக்குப் பக்கத்தில் ஓர் உதவியாள் இருந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ள வேண்டும். முந்தானையின் நிறம் மாற வேண்டுமானால், உடலின் பாவு நூல் ஒவ்வொன்றையும் புது நிற நூலோடு இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இணைப்புகள்! இழுத்தாலும் பிரியாது என்று பட்டுக்கடைக்காரர் பெருமையாகச் சொல்வது இதைத்தான். பட்டு கருநாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது; காஞ்சியில் விளைவது இந்தக் கைகள் மட்டுமே.

மாமாவுக்கு உதவியாளாக முன்பு இருந்தவன் அவர் மகன். இப்போது அவன் ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில். அவன் இடத்தில் அத்தை உட்கார்ந்திருக்கிறார். "மாசம் பொறந்தா சம்பளம் வருது, நான் எப்படி வாணான்றது?" என்றார் மாமா. தனக்குப் பிறகு இந்தத் தறியில் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு அங்கே இடமும் இல்லை. தறி போக மிச்சமிருந்த தரையில்தான் நாங்கள் நால்வரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அத்தை செய்தது காஞ்சிபுரம் இட்லி. மிளகு, சீரகம், சுக்கு போட்டு, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைத்து, வரதராசப் பெருமாள் கோயிலில் படைக்கும் பண்டம் அது. அத்தையிடம் குடலை இல்லை, டம்ளரில் ஊற்றி அவித்திருந்தார். ருசிக்குக் குறைவில்லை. பெரும்பாணாற்றுப்படையை விளையாட்டாகச் சொல்லத் தொடங்கினேன்; புலவர் சோற்றை முன்னே வைத்தது ஏன் என்பது அத்தை வீட்டில் நன்றாகப் புரிந்தது.

கும்லாப் பெண் தறிக்கு முன் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். அத்தையின் கை நாடாவைத் தள்ளுவதையும் மாமாவின் கால் மிதிப்பதையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு அக்காவிடம் இந்தியில் ஏதோ கேட்டாள். "ஒரு சேலைக்கு எத்தனை நாள்?" என்பது கேள்வி. வேலைப்பாட்டைப் பொறுத்துப் பத்து, பதினைந்து நாளும் ஆகும், அதற்கு மேலும் ஆகும் என்றார் மாமா. அவள் சிறிது யோசித்து, தன் கையில் ஒரு கைபேசி நிற்பது சில நொடிகள்தான் என்றும், முழுக் கைபேசியைத் தான் செய்து முடித்ததாக ஒருநாளும் தோன்றியதில்லை என்றும் சொன்னாள். அக்கா அதைத் தமிழில் சொன்னபோது மாமா தறியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "செஞ்சி முடிச்சத நானும் கட்டிப் பாத்ததில்ல. உங்க அத்தையும் கட்டல" என்றார். அத்தை பருத்திச் சேலைதான் கட்டியிருந்தார்.

மாலையில் வைகுந்தப் பெருமாள் கோயில். பரமேச்சுர விண்ணகரம் என்று திருமங்கையாழ்வார் பாடிய கோயில் இது. பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். இருந்தும் கூட்டமே இராது. மூன்று தளங்களில் இருந்த, கிடந்த, நின்ற கோலங்களில் பெருமாள்; மேல்தளங்களுக்கு எல்லா நாளும் ஏற விடுவதில்லை. நம் தோழர்கள் பார்க்க வேண்டியது சுற்று மண்டபத்துச் சுவர். சிங்கத் தூண்களுக்குப் பின்னே, இரண்டு வரிசைகளில், பல்லவ வரலாறு முழுவதும் கல்லில் சிற்பமாக ஓடுகிறது. பிரமனில் தொடங்கி, இரண்டாம் நந்திவர்மன் வரை. படித்தவர் படிக்க எழுத்தும், படிக்காதவர் படிக்கப் படமும். ஐரோப்பாவில் இப்படி ஒன்று இருந்தால் அதன் அஞ்சலட்டை நம் வீட்டுக்கே வந்திருக்கும்.

கதை இது. சுமார் 731-இல் இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசின்றி இறந்தான். நாடு தலைவனின்றிக் கிடந்தது. அமைச்சரும் நகரத்தாரும் கடிகையாரும் கூடி, பல்லவர் கிளைவழியில் வந்த இரணியவர்மன் என்பானிடம் போனார்கள். அவன் நாடு கடல் கடந்தது என்று கருதுவோரும் உண்டு. "எங்களுக்கு ஓர் அரசனைத் தா" என்று கேட்டார்கள். இரணியவர்மனுக்குப் பிள்ளைகள் நால்வர். மூத்த மூவரும் மறுத்தார்கள். கடைக்குட்டி பல்லவமல்லன், பன்னிரண்டு வயதுப் பையன், "நான் போகிறேன்" என்றான். தகப்பனுக்கு மனமில்லை, சிறுவனாயிற்றே என்று கலங்கினான். பெரியவர் ஒருவர் தேற்றிய பிறகே விடை கொடுத்தான். மலைகளும் ஆறுகளும் காடுகளும் கடந்து பையன் காஞ்சிக்கு வந்தான். நந்திவர்மன் என்று முடிசூட்டப்பட்டான். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டான். இக்கோயிலும் அவன் எடுப்பித்ததே.

இந்தச் சிற்பத் தொடரை ஒவ்வொன்றாக எண்ணி, கல்வெட்டோடு ஒப்பிட்டு விளக்கியவர் ஒரு பெண்மணி. பெயர் சி. மீனாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண், 1936-இல் பெற்றார். 1940-இல், முப்பத்தைந்து வயதுகூட நிரம்பாமல் காலமானார். வைகுந்தப் பெருமாள் கோயில் சிற்பங்களைப் பற்றிய அவருடைய நூலைத் தொல்லியல் துறை 1941-இல் வெளியிட்டது; அச்சில் பார்க்க அவர் இல்லை. மணற்கல் ஆண்டுதோறும் தேய்ந்து வருகிறது. சில காட்சிகளைச் சுவரைவிட மீனாட்சியின் நூலில்தான் தெளிவாகக் காண முடியும்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல, அக்கா இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தாள். சொல்லுவது என்ன, நடித்தே காட்டினாள்! மூத்த பிள்ளைகள் மறுக்கும் இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பையன் முன்வரும் இடத்தில் ஓர் அடி முன்னே வைத்தாள். தகப்பன் கலங்கிய இடம் வந்தபோது கும்லாப் பெண் அந்தத் தேய்ந்த சிற்பத்தின் அருகே போய் நின்றுவிட்டாள். தான் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று தன் தந்தை வாசலுக்கு வரவில்லை, மாட்டுக்குத் தீனி வைப்பவர்போல் பின்புறம் போய்விட்டார், ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று அப்போது சொன்னாள். கோபம் என்று பதினோரு மாதமாக நினைத்திருந்தாளாம். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து அக்கா என்னிடம், "இதப் படிக்கணும்னா இன்னா படிப்பு?" என்றாள். வரலாறு என்றேன். "தபால்ல உண்டா?" என்றாள். உண்டு என்றேன். மறு வாரமே விண்ணப்பம் வாங்கிக் கொடுத்தேன். இரவுப் பணி இல்லாத வாரத்தில் நிரப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். இன்னும் அவள் பெட்டியில்தான் இருக்கிறது.

கடிகையார் என்று மேலே சொன்னேனே, அவர்கள் நம் இனம்! காஞ்சியில் கடிகை என்ற பெரிய கல்வி நிலையம் இருந்தது. அதில் படிக்க நான்காம் நூற்றாண்டில் தன் பாட்டனோடு வந்த மயூரசர்மன் என்ற மாணவன், பல்லவக் குதிரை வீரனோடு சச்சரவிட்டு, படிப்பைப் பாதியில் விட்டு, வாளெடுத்துப் போய்க் கதம்ப அரசையே நிறுவிவிட்டான். கருநாடகத்துத் தாளகுந்தாக் கல்வெட்டு இதைச் சொல்கிறது. (படிப்பை நிறுத்த இதை யாரும் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம்.) ஏழாம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், இவ்வூர் மக்கள் கல்வியை மிகவும் மதிப்பவர்கள் என்று எழுதிச் சென்றார். நாளந்தாவின் தலைமையேற்ற தர்மபாலரும் காஞ்சிக்காரரே. மகேந்திரவர்மனோ அரியணையில் இருந்துகொண்டே மத்தவிலாசம் என்ற நகைச்சுவை நாடகம் எழுதினான். காஞ்சித் தெருவில் ஒரு காபாலிகன் தன் மண்டையோட்டைத் தொலைத்துவிட்டு, அது நாயின் வாயில் போனது அறியாமல் பௌத்தத் துறவியோடு சண்டை போடும் கதை. தன் தலைநகரைத் தானே கேலி செய்த அரசன் அவன்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவற்றுக்கு என் பரிந்துரை வேண்டியதில்லை. ஏகாம்பரநாதர் கோயிலின் பெரிய கோபுரம் 1509-இல் கிருட்டிணதேவராயர் எடுப்பித்தது. உள்ளே இறைவன் பெயருக்கே பொருள் சொல்லும் ஒற்றை மாமரம். வரதராசர் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட நிற்கும் வரிசை நீண்டது. அதே நேரத்தில் நூற்றுக்கால் மண்டபத்தில் கல்லில் கோத்த சங்கிலி ஆளின்றித் தொங்கும். பல்லியைப் பிறகு பாருங்கள். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை குளத்திலிருந்து வெளிவரும் அத்தி வரதரை 1979-இல் பார்த்த என் ஆயா, 2019-இல் நாற்பத்தெட்டு நாளில் ஒரு நாள் நெரிசலில் நின்று மறுபடியும் பார்த்தாள். அடுத்த முறை 2059. அண்ணா பிறந்த ஊர் இது. அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. பெரிய மாளிகையை எதிர்பார்க்காதீர்கள். திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலில், விசயநகர அமைச்சன் இருகப்பன் 1387-இல் கட்டிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறு வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. கழுத்து வலிக்கப் பார்க்க வேண்டியது. அன்று எங்களுக்கு நேரம் போதவில்லை. விடுதிக் கதவை இரவு எட்டரைக்குச் சாத்திவிடுவார்கள்.

கும்லாப் பெண் மறுநாள் இரவு சென்னையில் ரயில் ஏறினாள். நான்காம் நாள் அக்காவின் கைபேசிக்கு அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்தாயிற்று. அப்பாவிடம் அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன் பெயர் என்ன, மறந்துவிட்டது என்று எழுதியிருந்தாள். அக்கா பணிக்குக் கிளம்பும் அவசரத்திலும், கம்பெனி வண்டியில் உட்கார்ந்துகொண்டு, இந்தி எழுத்தில் ஒவ்வொன்றாகத் தேடித் தட்டினாள்: பல்லவமல்லன்.